மழைப்பக்கம் என்று சொன்னேன்

1. பதினோரு நாள்

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் இருபத்தாறு வருஷம் மெயின்டெனன்ஸ் தச்சனாக இருந்தேன். கதவு, ஜன்னல், கட்டில், மேஜை என்று நான் செய்ததில் பாதிக்கு மேல் இன்னும் அங்கேதான் இருக்கும். நான் இங்கே எழுதப் போவது பதினோரு நாள் மட்டும் நின்ற ஒரு சாமானைப் பற்றி. அது ஒரு மீன் தொட்டி. ப்ளைவுட்டில் செய்தது. எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம்.

இப்போது தச்சு வேலைக்கு வருகிறவர்கள் யாராவது அந்தத் தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தால், எப்படிச் செய்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். அதைச் சொல்வது சுலபம். எப்படி உடைந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு முன்கோபம், வாய் நீளம் என்று மலை முழுக்கப் பேர். மேனேஜரிடமே கத்தியிருக்கிறேன். பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

2. முதலாளி கொண்டுவந்த புஸ்தகம்

எண்பதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம். எங்கள் முதலாளி காபி எஸ்டேட்காரர். லாட்ஜ் அவருக்கு ஓர் ஆசைக்கு நடத்துவது. பம்பாய் போய்விட்டு ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்தோடு வந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கூடத்தில் ப்ளைவுட்டில் பெட்டி மாதிரித் தொட்டி செய்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்து, மீன் விட்டிருந்தான்.

"மேஸ்திரி, முழுக்கக் கண்ணாடியில இவ்வளவு பெருசா செஞ்சா அத்தனை வளைவு ஏறி வர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. இது பலகைதானே? நம்ம டைனிங் ஹால்ல வெச்சா மே மாசம் வர்ற ஜனம் சாப்பிடறத விட்டுட்டுப் பார்க்கும். முடியுமா முடியாதா, சொல்லுங்க."

முடியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது எனக்கு ஒரு வியாதி. "செஞ்சுரலாமுங்க" என்றேன்.

செய்முறை தெரிய வேண்டியவர்களுக்காகச் சொல்கிறேன். பலகை முக்கால் அங்குல மெரைன் ப்ளை, சேலத்திலிருந்து வந்தது. சட்டத்துக்கு எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கை வெட்டித் தருகிறேன் என்றார் மேனேஜர். நனைந்தால் முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லி வேங்கைதான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினேன். செய்து முடித்தால் வாசலில் நுழையாது என்பதால் டைனிங் ஹாலிலேயே ஒரு மூலையைத் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்தோம். அடியில் செங்கல் மேடை. மூலைகள் எல்லாம் பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கியது. உள்ளே ஃபைபர் மேட் விரித்து ரெசின் மூன்று கோட். மலைக் குளிரில் ரெசின் இறுகவே மாட்டேன் என்றது. தொட்டிக்குள் நான்கு பெரிய பல்புகளைத் தொங்கவிட்டு, கோழிக்குஞ்சு வளர்க்கிறவன் மாதிரி இரண்டு நாள் சூடு காட்டினேன். அந்த வாடை சமையல்கட்டு வரைக்கும் போய், சாம்பாரில் பெயின்ட் வாசம் வருகிறது என்று சமையல்காரர் என்னோடு சண்டைக்கு வந்தார்.

கூட இருந்தவன் பொன்னுசாமி. லாட்ஜில் பெயின்ட் வேலையும் கண்ணாடி வேலையும் அவனுடையது. நாகலூர் எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அப்பா அம்மா காபி பறித்தவர்கள். இவன் மட்டும் சேலம் போய்க் கண்ணாடி வெட்டக் கற்றுக்கொண்டு வந்தான். அப்போது அவனுக்கு முப்பது வயசு இருக்கும், எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. வைரக் கட்டரை ஒரு தடவைதான் இழுப்பான். இரண்டாவது தடவை இழுத்து நான் பார்த்ததில்லை. மலையில் யார் பங்களாவில் கண்ணாடி போனாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "வாங்க கண்ணாடிக்காரரே, மூஞ்சி பாத்துக்கலாமா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பான். அவ்வளவுதான், அதிகம் பேச மாட்டான்.

அவன் சம்சாரம் ராசாத்தி அதே லாட்ஜில் டைனிங் ஹாலைக் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தாள். லாட்ஜுக்குப் பின்னால் ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். மழைக்கு ஒழுகாத வீட்டில் தான் படுப்பது இதுதான் முதல் தடவை என்று அவள் என்னிடமே சொல்லியிருக்கிறாள். லாட்ஜ் வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த ரூம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

3. மழைப்பக்கம்

ஒரு வார்த்தையை விளக்க வேண்டும். மேற்கொண்டு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ஏற்காட்டில் மழை மேலிருந்து மட்டும் பெய்யாது, பக்கவாட்டிலும் அடிக்கும். அதனால் மலையில் ஜன்னலுக்குக் கண்ணாடி வைக்கும்போது எப்போதும் வெளியிலிருந்து வைப்போம். காற்று அடிக்க அடிக்கக் கண்ணாடி சட்டத்தோடு போய் அழுந்தும். கண்ணாடி ஓரத்தைப் பிடிக்க அடிக்கும் மரப்பட்டி, பீடிங் என்போம், அதுவும் வெளியில்தான் வரும். ஜன்னல் சட்டத்தின் வெளி முகத்தை நாங்கள் மழைப்பக்கம் என்போம், வீட்டைப் பார்த்த உள் முகத்தை ஊட்டுப்பக்கம் என்போம். நானும் பொன்னுசாமியும் சேர்ந்து முந்நூறு ஜன்னலாவது மாட்டியிருப்போம். "மழைப்பக்கம் புடி", "ஊட்டுப்பக்கம் திருப்பு" என்பதைத் தவிர வேறு பேச்சே எங்களுக்குள் தேவைப்பட்டதில்லை.

தொட்டிக்கும் அதே நியாயம்தான், ஆனால் தலைகீழ். அங்கே அழுத்துவது காற்றில்லை, தண்ணீர். அது உள்ளே இருக்கிறது. ஆகவே கண்ணாடியை உள்ளிருந்துதான் வைக்க வேண்டும். தண்ணீர் தள்ளத் தள்ளக் கண்ணாடி, நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய முன்பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். வெளியில் வைத்தால் அத்தனை தண்ணீரும் கண்ணாடியைப் பலகையிலிருந்து பிய்த்துத் தள்ளும். தாங்குவதற்கு சிலிக்கான் பசையும் பீடிங்கும்தான் மிச்சம். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக என் மண்டைக்குள் இருந்த விஷயம். மண்டைக்குள் இருந்ததே தவிர, வாயைத் திறந்து ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அரை அங்குலக் கண்ணாடி சேலத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய காலையில்தான் ஆபீசுக்குப் போன் வந்தது. வாழப்பாடியில் என் மாமனார் இறந்துவிட்டார். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பொன்னுசாமி பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மேஸ்திரி, கண்ணாடிய நீங்க வந்தப்பறம் வெச்சுக்கலாமுங்களா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல. நாலு பேரப் புடிச்சு இன்னைக்கே மழைப்பக்கமா ஒக்கார வெச்சிரு. சிலிக்கானத் தாராளமாப் போடு. கஞ்சத்தனம் பண்ணாத."

"மழைப்பக்கந்தானுங்களே?"

"அதான் சொல்றன்ல? மழைப்பக்கம்."

"சரிங்க. நீங்க கெளம்புங்க, நாம் பாத்துக்கறனுங்க."

மழைப்பக்கம் என்று நான் சொன்னது தண்ணீர் இருக்கிற பக்கத்தை. அவன் காதில் விழுந்தது முந்நூறு ஜன்னலிலும் விழுந்த அதே வார்த்தை. திரும்ப ஒரு தடவை கேட்டான் பாருங்கள், அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், நான் ஏறிவிட்டேன்.

4. அழகுக்குப் போட்ட ஸ்க்ரூ

காரியமெல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் திரும்பினேன். பையை வைக்கக்கூட இல்லை, நேராக டைனிங் ஹாலுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன்.

கண்ணாடி வெளியே இருந்தது.

ஜன்னலாக இருந்தால் மெச்சியிருப்பேன். ஒரு சொட்டு சிலிக்கான் வழியவில்லை. உள்ளே கண்ணாடி ஓரத்தை மறைக்க என்று நான் வெட்டி வைத்திருந்த மெல்லிய பீடிங்கை வெளியே சுற்றிலும் அடித்து, ஆணித்தலை தெரியாமல் மக்கு வைத்துத் தேய்த்திருந்தான். பலகையில் கண்ணாடி உட்காரும் பள்ளமாக நான் காடி எடுக்கவில்லை. முகத்தில் அப்படியே படிகிற மாதிரிதான் செய்திருந்தேன். உள்ளே வைத்தாலும் படியும், வெளியே வைத்தாலும் படியும்.

அன்றைக்குப் பொன்னுசாமி அங்கே இல்லை. நாகலூர் பங்களாவுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பியிருந்தார்கள். எதிரில் நின்றிருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வந்தவர் மேனேஜர்.

"என்ன மேஸ்திரி, பையன் பிரமாதமா வெச்சுட்டான் பார்த்தீங்களா? நாளைக்குத் தண்ணி விட்டுரலாம். மெட்ராஸ்ல இருந்து மீன் வருது வெள்ளிக்கெழமை. மொதலாளி பத்துப் பேருக்குச் சொல்லி வெச்சிருக்காரு."

கழட்டணும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சிலிக்கான் நன்றாக இறுகிவிட்டது. கழற்றினால் கண்ணாடி தேறாது. புதுசு வர இரண்டு வாரம் ஆகும், சீசன் பிறந்துவிடும். ஏன் இப்படி ஆச்சு என்று முதலாளி கேட்பார். செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன், வாயால் வேலை சொல்லிவிட்டு பஸ் ஏறிய கதையைச் சொல்ல வேண்டும். இந்தக் காரணமெல்லாம் நான் பிறகு அடுக்கியது. அந்த நேரத்தில் இருந்தது வெட்கம் ஒன்றுதான்.

"நாளைக்கு விட்டுரலாமுங்க. சித்த வேலை பாக்கி இருக்குது" என்றேன்.

என் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பித்தளை ஸ்க்ரூக்களை எடுத்தேன். தேக்கில் ஒன்றரை அங்குலச் சட்டம் இழைத்து, பொன்னுசாமியின் பீடிங்குக்கு மேலேயே சுற்றிலும் இன்னொரு பீடிங்காக வைத்து, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ முடுக்கினேன். பாலிஷ் போட்டேன். தங்கச் சட்டம் போட்ட சாமி படம் மாதிரி இருந்தது. தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கும் என்று நிஜமாகவே நினைத்தேனா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பொன்னுசாமி வந்து பார்த்துவிட்டு, "நொம்ப எடுப்பா இருக்குதுங்க. இது எதுக்குங்க மேஸ்திரி?" என்றான்.

"அழகுக்கு" என்றேன்.

5. ஈரம்

எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி, ஆயிரத்து முந்நூறு லிட்டர் தண்ணீர் விட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதலாளி என் தோளில் தட்டினார். மீன்கள் பிளாஸ்டிக் பையில் வந்து இறங்கின. கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், பேர் தெரியாத கறுப்பு மீன் சில. டவுனிலிருந்து கடைக்காரர்கள்கூட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் நான்கு நாள் நான் மணிக்கொரு தடவை போய்ப் பீடிங்கைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் இரண்டு மணிக்கொரு தடவை ஆனது. ஒரு வாரத்தில் பயம் விட்டுப் போனது. பயம் விட்டதும் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதாம் நாள் ராசாத்தி என் பட்டறைக்கு வந்தாள்.

"மேஸ்திரி, தொட்டிக்கு அடியில ரெண்டு நாளா ஈரமாவே இருக்குதுங்க. தொடச்சாலும் மறுக்கா ஊறுதுங்க."

போய்ப் பார்த்தேன். பீடிங்கின் கீழ் ஓரத்தில் முத்து முத்தாக நீர் நின்றது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மீன் தண்ணீர் வாசம் அடித்தது. அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"பனி ராசாத்தி. இந்த மலையில எல்லாக் கண்ணாடியும்தான் வேர்க்குது. உள்ள ஜில்லுனு தண்ணி இருந்தா வேர்க்காதா? காலைல வந்ததும் மொதல்ல அதத் தொடச்சு விட்டுரு. பாக்கறவங்க கண்ணுக்கு அசிங்கமாத் தெரியக் கூடாது."

"அப்புடிங்களா? சரிங்க."

பதினோராம் நாள் காலை ஆறரை இருக்கும். பட்டறையில் இழைப்புளிக்கு அலகு தீட்டிக்கொண்டிருந்தேன். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அலகைப் போட்டுவிட்டு ஓடினேன். டைனிங் ஹால் வாசலிலேயே தண்ணீர் கணுக்கால் வரை வந்து எதிரே மோதியது. நாற்காலிகள் தள்ளப்பட்டுச் சுவரோரம் போய் ஒதுங்கியிருந்தன. மேல் பீடிங் ஒரு பக்கம் முழுசாகப் பிய்ந்து தொங்கியது. தரையெல்லாம் மீன் துடித்துக்கொண்டிருந்தது.

ராசாத்தி ஒரு மேஜைக் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் இடுக்கு வழியாக ரத்தம் வந்து தண்ணீரில் கலந்து ஓடியது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்தவள் மாதிரிச் சொன்னாள்.

"ஈரத்தத் தொடச்சுக்கிட்டு இருந்தனுங்க மேஸ்திரி."

பொன்னுசாமி வாயெல்லாம் பல்பொடியோடு ஓடி வந்தான். இரண்டு மேஜை விரிப்பைக் கிழித்துக் கையைச் சுற்றி, முதலாளியின் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். அத்தனை வளைவிலும் அவன் அவள் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நரம்பு வெட்டுப்பட்டுவிட்டது, தைத்திருக்கிறோம், முன்னைப் போல வராது என்றார்கள். வரவும் இல்லை. வலது கையில் மூன்று விரல் உள்ளே மடங்கியது மடங்கியதுதான்.

6. ஆபீஸ் ரூம்

மறுநாள் பொன்னுசாமியை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, டைனிங் ஹாலைச் சுத்தம் செய்யச் சொன்னார் மேனேஜர். கண்ணாடிச் சில் அள்ள வேறு ஆளுக்குப் பழக்கமில்லை என்று காரணம் சொன்னார். சம்சாரத்தின் ரத்தம் காய்ந்து கிடந்த இடத்தை அவனே கழுவினான். நான் உதவிக்குப் போகவில்லை. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார் முதலாளி. அந்தப் புஸ்தகம் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு எதையாவது உளறியிருப்பேன்.

"இந்தப் படத்துல கண்ணாடி உள்ள இருக்கு. நம்ம தொட்டியில வெளிய இருந்திருக்கு. யாரு வெச்சது?"

"நாந்தானுங்க" என்றான் பொன்னுசாமி.

"மேஸ்திரி, நீங்க என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

"மழைப்பக்கமா வெக்கச் சொன்னனுங்க."

"மழைப்பக்கம்னா?"

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்குள் எனக்கு வீடு, வேலை, மூன்று பெண் பிள்ளைகள், மலை முழுக்க இருந்த பேர் எல்லாம் கண்ணில் வந்து போயின.

"தண்ணி இருக்கிற பக்கமுங்க. உள்பக்கம்."

பொய் சொல்லவில்லை. நான் நினைத்தது அதைத்தான். அந்த உண்மையை வைத்துத்தான் அவன் கழுத்தை அறுத்தேன்.

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி அப்படிச் சொன்னாரா?"

பொன்னுசாமி என்னை ஒரு தடவை பார்த்தான். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஆமாங்க. மழைப்பக்கம்னுதான் சொன்னாருங்க" என்றான்.

நான் ஐந்தாம் நாளே பார்த்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்லவில்லை. ஈரத்தைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் பொன்னுசாமிக்குக் கணக்கு முடித்து, ரூமைக் காலி செய்யச் சொன்னார் மேனேஜர். கொட்டச்சேட்டில் ராசாத்தியின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். "ஒங்களுக்கு எதுக்குங்க செரமம்" என்றாள் அவள். அன்றைக்கு அதைப் பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என்ன ஜென்மம் நான்.

தொட்டியின் ப்ளைவுட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெசின் கோட் அப்படியே இருந்தது. மேனேஜர் சொன்னபடி அதை அறுத்து ஸ்டோர் ரூமுக்கு அலமாரி செய்தேன். நான் வேலையை விட்டு நிற்கும்போதும் அது நன்றாகத்தான் இருந்தது.

7. கொட்டச்சேடு

பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. முதலாளி காலமாகி, பிள்ளைகள் லாட்ஜை விற்றார்கள். மேனேஜர் தன் சொந்த ஊரோடு போய்விட்டார். எனக்கும் வேலை முடிந்தது. யாரிடம் சொன்னால் ஏதாவது மாறியிருக்குமோ அவர்கள் எல்லாரும் போன பிறகுதான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்தது. கோழைத்தனத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு, இரண்டு ஜன்னல். இரண்டுக்கும் தகரக் கதவு போட்டிருந்தது. மலையிலேயே நல்ல கண்ணாடிக்காரன் வீட்டில் ஒரு சாண் கண்ணாடி இல்லை. பெயின்ட், கண்ணாடி இரண்டையும் அவன் அதோடு விட்டுவிட்டான் என்று பிறகு தெரிந்தது. எஸ்டேட் களத்தில் காபிக்கொட்டை காயப்போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"வாங்க மேஸ்திரி, வாங்க" என்று ராசாத்திதான் முதலில் வந்தாள். இடது கையால் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. காபி பறிக்கப் போனால் பாதிக்கூடைதான் நிறைகிறது, இடது கைக்கு அவ்வளவுதான் வருது என்று சாதாரணமாகச் சொன்னாள். பொன்னுசாமி தலை நரைத்து, சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

காபி வந்தது. குடித்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பொன்னுசாமி, மாமனார் காரியம் முடிஞ்சு திரும்பி வந்த அன்னைக்கே நான் பாத்துட்டேன். கண்ணாடி மாறி இருக்குதுன்னு தெரியும். நான் சொன்ன வார்த்தைதான் தப்பு. அதக் கழட்டாம, மேல பீடிங் போட்டு ஸ்க்ரூ முடுக்குனேன். அழகுக்குன்னு ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவன் நிமிரவில்லை. தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமுங்க மேஸ்திரி."

"எப்பிடி?"

"சில்லு அள்ளுனது நாந்தானுங்களே. ஸ்க்ரூவெல்லாம் வெளிய கெடந்துச்சுங்க. அழகுக்குப் போடறது முக்கா இஞ்சுங்க. அது ரெண்டரை இஞ்சு இருந்துச்சு." குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "ஆபீஸ் ரூம்ல நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றான்.

கெஞ்சுகிறான் என்று நான் நினைத்த அந்தப் பார்வை அதுதான். எனக்காகக் காத்திருந்திருக்கிறான்.

ராசாத்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"இவரு அப்பவே எங்கிட்டச் சொன்னாருங்க" என்றாள். "ஆஸ்பத்திரியிலயே சொன்னாரு. நாந்தான் நம்பலீங்க. மேஸ்திரி அப்புடிச் செய்யற ஆளில்ல, ஒந்தப்பத் தூக்கி அந்த மனுசந் தலையில வெக்காதன்னு வஞ்சுட்டனுங்க. அதோட அவரு அதப் பத்திப் பேசறத விட்டுட்டாரு. அதுக்கப்பறமும் கை நோவுறப்பல்லாம் நீ வெச்ச கண்ணாடிதானன்னு சொல்லிக்கிட்டே இருந்தனுங்க. நேத்துக்கூடச் சொன்னேன்."

அப்புறம் அவளே கேட்டாள்.

"அப்ப, ஈரமா இருக்குதுன்னு நான் வந்து சொன்னப்ப?"

"தெரியும்" என்றேன்.

நான் குடிக்காமல் வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. பொன்னுசாமி மட்டும் பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தான். பஸ் வந்ததும், "வந்து சொன்னீங்களே, அதுவே போதுமுங்க" என்றான். போதாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

8. வேலைக்கு வருகிறவர்களுக்கு

தண்ணீர் தாங்க வேண்டிய எதற்கும் கண்ணாடியை உள்ளிருந்து வையுங்கள். நமக்குள் பழகின வார்த்தையில் புது வேலையைச் சொல்லாதீர்கள். எந்த முகத்தில் கண்ணாடி படிய வேண்டுமோ அந்த முகத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டுப் போங்கள். கூட இருப்பவன் இரண்டாம் தடவை கேட்டால், பஸ் போனாலும் பரவாயில்லை, நின்று பதில் சொல்லுங்கள். தப்பு என்று கண்ணில் பட்டதை அன்றைக்கே கழற்றுங்கள். அதன்மேல் இன்னொரு பீடிங் போடாதீர்கள். இதெல்லாம் கைவேலை, ஒரு வருஷத்தில் பழகிவிடும். யார் செய்தது என்று கேட்கும்போது வாயைத் திறப்பது மட்டும் எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

ஆபீஸ் ரூமில் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். இன்றைக்கும் அந்தத் தொட்டிப் பேச்சு வந்தால், கண்ணாடியை மாற்றி வைத்துவிட்டான் பொன்னுசாமி என்றுதான் மலையில் சொல்கிறார்கள். அவன் மாற்றி வைக்கவில்லை. மழைப்பக்கம் என்று சொன்னேன், மழைப்பக்கம்தான் வைத்தான்.